மார்பகப் புற்றுநோயும் முன்கூட்டிய பரிசோதனையும்

நோய் முற்றியபின் வருந்துவதைவிட, அது முளைவிடும்போதே கண்டறிந்து நீக்குவது மேலானது என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும் மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரையில், இந்த எளிய அறிவுரையை நடைமுறைக்குக் கொண்டுவருவது எவ்வாறு என்பது பற்றி மருத்துவ அறிஞர்களிடையே பல்லாண்டுகளாகக் கருத்து வேற்றுமை நிலவி வருகிறது. உடலில் எந்தக் குறையும் தோன்றாத பெண்களையெல்லாம் குறித்த காலத்திற்கு ஒருமுறை அழைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டுமா? வேண்டுமெனில் எந்த வயதிலிருந்து, எந்த முறையில்? அதனால் விளையும் நன்மை எவ்வளவு, தீங்கு எவ்வளவு? இவ்வினாக்களுக்கு அறிஞர்கள் கூறும் விடைகளையும், தமிழகத்திற்கு வெளியே மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடும்பம் நடத்திவரும் நம் சகோதரிகளுக்கு அவற்றால் ஆகும் பயனையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் நோயின் பரப்பை அறிந்துகொள்வது நலம். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் பெற்றிருப்பது மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி நம் நாட்டில் அவ்வாண்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது; ஏறத்தாழ 98,000 பேர் இதனால் உயிரிழந்தனர். அதாவது, புதிதாக நோயுற்றோர் இருவருக்கு ஒருவர் என்ற அளவில் மரணம் நிகழ்கிறது. செல்வம் மிகுந்த நாடுகளில் இந்த விகிதம் மிகவும் குறைவு. இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல இருப்பினும், அவற்றுள் தலையானது ஒன்று உண்டு. நம் பெண்கள் மருத்துவமனையை அடையும்போது நோய் பெரும்பாலும் முற்றிவிட்டிருக்கிறது.

இங்கே இரண்டு காரியங்களை வேறுபடுத்திக் காணவேண்டும். மார்பில் கட்டி ஒன்று தென்படுகிறது. அதைக் கண்ட பெண் டாக்டரிடம் செல்கிறாள். அவர் சோதித்து இன்னதென்று சொல்கிறார். இது நோய்க்குறி கண்டபின் செய்யும் சோதனை. இதன் தேவையைப் பற்றி விவாதமே இல்லை. மற்றொன்று, எந்தக் குறியும் இல்லாத ஆயிரக்கணக்கான பெண்களை வரவழைத்து, மாவைச் சல்லடையிலிட்டுச் சலிப்பதுபோல, அவர்களுள் நோய் இருக்கக்கூடியவர்களைப் பிரித்தெடுக்கும் சோதனை. இதனையே முன்கூட்டிய பரிசோதனை என்கிறோம். விவாதம் முழுவதும் இந்த இரண்டாவதைப் பற்றியதே. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்பவர்கள், ‘பரிசோதனையால் பயனில்லையாம்’ என்று எங்கோ கேட்டுவிட்டு, கட்டி இருந்தும் டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுவதுண்டு. அது பெருந்தீங்காக முடியும்.

முன்கூட்டிய பரிசோதனைக்கு மேல்நாடுகளில் கருவியாக அமைந்தது மம்மோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-ரே படம். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் இது காட்டிவிடும். இதனால் உயிர்கள் காப்பாற்றப்படுகின்றனவா என்பதை முறையாக ஆராயும் முயற்சி 1963இல் நியூயார்க் நகரில் தொடங்கியது. ஏறத்தாழ 62,000 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு எக்ஸ்-ரே படமும் கைப்பரிசோதனையும் ஆண்டுதோறும் அளிக்கப்பட்டன. மறு பிரிவினருக்கு வழக்கமான வைத்தியமே கிடைத்தது. சில ஆண்டுகளில், சோதிக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் இறந்தவர் தொகை குறைவாக இருந்தது தெரியவந்தது. பின்னர் 1977இல் ஸ்வீடன் நாட்டின் இரு மாவட்டங்களில் தொடங்கிய ஆராய்ச்சியும், மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 1985இல் அறிவித்தது. இவற்றின் வலிமையைக் கொண்டு 1988இல் பிரிட்டனில் நாடு தழுவிய திட்டம் ஏற்பட்டது. வேறு பல நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின.

இவ்வளவு தெளிவான பலன் கிடைத்தபின் விவாதத்திற்கு இடம் ஏது என்று நேயர்கள் வினவலாம். எண்களைப் பொருள்கொள்வதில் சில நுட்பமான சிக்கல்கள் உள்ளன. ஒரு உதாரணம் கூறுவோம். சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் ரயிலில் இருவர் உறங்கிக்கொண்டு போகின்றனர். ஒருவர் ராய்ச்சூரில் கண் விழிக்கிறார். மற்றவர் புணேயில் விழிக்கிறார். முன்னவர் விழித்திருந்த நேரம் நீண்டது. ஆனால் வண்டி இருவரையும் ஒரே வேளையில்தான் மும்பையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதுபோல, நோயை இரண்டாண்டு முன்னதாகக் கண்டுபிடித்தால், ‘நோய் தெரிந்தபின் இத்தனை ஆண்டு வாழ்ந்தார்’ என்ற கணக்கு தானாகவே இரண்டாண்டு கூடிவிடும். அவருடைய ஆயுள் உண்மையில் நீண்டதா என்பது வேறு கேள்வி.

இரண்டாவது சிக்கல் இது. ஒரு தோட்டத்தில் ஒரே மாலையில் மலர்ந்து வாடும் முல்லையும், பல நாள் வாடாதிருக்கும் செவ்வந்தியும் இருக்கின்றன. வாரத்திற்கு ஒருமுறை மட்டும் அங்குச் செல்பவருக்குச் செவ்வந்தியே மிகுதியாகக் கண்ணில் படும். புற்றுநோயிலும் விரைந்து வளர்வது உண்டு. மெல்ல வளர்வதும் உண்டு. குறித்த கால இடைவெளியில் செய்யும் பரிசோதனையில் அதிகமாக அகப்படுவது மெல்ல வளரும் இனமே. கொடிய இனமோ இரு பரிசோதனைகளுக்கு இடையே தோன்றி வளர்ந்துவிடக்கூடும். ஆகவே, பரிசோதனையில் அகப்பட்டவர்கள் நெடுநாள் வாழ்வதைக் கண்டு, அதனை முழுவதும் பரிசோதனையின் வெற்றி என்று கருதிவிட இயலாது. இதனாலேயே பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, இறுதியில் மரணங்களை எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சிகளை மட்டுமே அறிஞர்கள் உறுதியான சான்றாகக் கொள்கின்றனர்.

மூன்றாவது சிக்கலே எல்லாவற்றிலும் கடுமையானது. மெல்ல வளரும் கட்டிகளுள் சில, அப்பெண்ணின் வாழ்நாள் முழுவதும் எந்தத் துன்பமும் தராமலே இருந்துவிடும். அவள் முதுமையில் வேறொரு காரணத்தால் இறப்பாள். இப்படி ஒன்று இருந்தது என்பதே எவருக்கும் தெரிய வராது. ஆனால் பரிசோதனையில் அது தென்பட்டுவிட்டால், எது உறங்கும், எது சீறும் என்று பிரித்துச் சொல்லும் திறமை இன்னும் மருத்துவத்திற்குக் கைவரவில்லை. எனவே அறுவை சிகிச்சையும், கதிர் சிகிச்சையும், சில வேளைகளில் கடும் மருந்துகளும் அளிக்கப்படுகின்றன. தேவையற்ற சிகிச்சைக்கு ஆளானவர் தாம் காப்பாற்றப்பட்டதாகவே நம்பி நன்றி செலுத்துவார். அவர் யார் என்று எவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

கனடாவில் 1980இல் தொடங்கி, 40 முதல் 59 வயது வரையுள்ள ஏறத்தாழ 90,000 பெண்களிடையே நடத்திய ஆராய்ச்சி இருபத்தைந்து ஆண்டுக் கணக்கை 2014இல் வெளியிட்டது. ஆண்டுதோறும் எக்ஸ்-ரே எடுத்ததால் மரணம் குறையவில்லை என்பது அதன் முடிவு. படங்களின் தரம் போதாது, பெண்களைப் பிரித்த முறையும் சரியன்று என்று அதனை மறுத்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டிலேயே டென்மார்க்கைச் சேர்ந்த கெட்ஷே என்ற அறிஞரும் அவருடைய துணைவரும் பழைய ஆராய்ச்சிகள் பலவற்றின் குறைகளை எடுத்துக்காட்டிப் பெரும் சர்ச்சையை எழுப்பியிருந்தனர்.

இந்தப் பூசலைத் தீர்க்கும் பொருட்டுப் பிரிட்டனில் பேராசிரியர் மைக்கேல் மார்மட் தலைமையில் அமைந்த குழு 2012இல் தன் கணிப்பை வெளியிட்டது. 50 வயதுள்ள 10,000 பெண்களை இருபதாண்டுகள் பரிசோதனைக்கு அழைத்து வந்தால், 43 பேர் இந்நோயால் இறப்பது தடுக்கப்படும். 129 பேர் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாவர். அதாவது, ஓர் உயிருக்கு மூவர் வீணான சிகிச்சையை ஏற்கின்றனர். காப்பாற்றப்பட்ட 43 உயிர்களை நோக்குபவர் திட்டத்தை ஆதரிக்கிறார். காரணமின்றி நோயாளியாக்கப்பட்ட 129 பேரை நோக்குபவர் தயங்குகிறார். இருவரும் நேர்மையானவர்களே. பிரிட்டன் தன் திட்டத்தைத் தொடர முடிவு செய்தது. ஆனால் நன்மையையும் தீங்கையும் அழைப்பிதழிலேயே பெண்களுக்கு எடுத்துரைக்கவேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. அமெரிக்காவில் அரசின் சார்பாக அமைந்த நிபுணர் குழு, 40 வயதில் தொடங்கலாம் என்று முன்பு கூறியிருந்ததை 2009இல் மாற்றிக்கொண்டு 50 என்றது. 2024இல் மீண்டும் 40 என்று அறிவித்து, 74 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை போதும் என்றது. தராசின் இரு தட்டுகளும் ஏறத்தாழச் சமமாக நிற்கும்போது, சிறு எடை மாறினாலும் முள் சாய்ந்துவிடுகிறது.

இனி நம் நாட்டை நோக்குவோம். மேல்நாட்டில் இந்நோய் அறுபதைக் கடந்தவர்களிடமே மிகுதி. இந்தியாவிலோ ஐம்பதை ஒட்டிய வயதிலும் அதற்கு முன்பும் நோயுறுபவர் பலர். இளம் வயதில் மார்பகத் தசை அடர்த்தியாக இருப்பதால், எக்ஸ்-ரே படத்தில் கட்டியைப் பிரித்தறிவது கடினம். அன்றியும், கோடிக்கணக்கான பெண்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறை படம் எடுக்கக் கருவிகளும், அவற்றைப் பார்த்துச் சொல்லும் நிபுணர்களும், பொருளும் எங்கே? ஆகவே, படத்திற்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற கைகளே போதுமா என்ற கேள்வி எழுந்தது. இதற்கு விடை காணும் பெருமுயற்சி மும்பையில் நடந்தது.

மும்பை பரேலில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனை, 1998இல் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியது. நகரின் ஏழை எளியோர் வாழும் குடியிருப்புகளிலிருந்து 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் இதில் இடம்பெற்றனர். இருபது வட்டாரங்களில் பத்து வட்டாரத்துப் பெண்களுக்கு, ஈராண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை மார்பகப் பரிசோதனை செய்யப்பட்டது. சோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர். அதற்கெனப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள். ஏனைய பத்து வட்டாரங்களில் நோயைப் பற்றிய விளக்கம் மட்டும் ஒருமுறை அளிக்கப்பட்டது. இரு பிரிவினரையும் இருபதாண்டுக் காலம் பின்தொடர்ந்து, 2021இல் முடிவுகளை வெளியிட்டனர்.

சோதிக்கப்பட்ட பிரிவில், நோய் கண்டவர்களுள் முற்றிய நிலையில் வந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர். மறு பிரிவில் 47 பேர். இது ஐயத்திற்கு இடமில்லாத நன்மை. மரணத்தைப் பார்த்தால், மொத்தத்தில் 15 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் கணக்கின் தீர்ப்பு. வயதைக் கொண்டு பிரித்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடையே மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. 50க்குக் குறைந்தவர்களிடையே மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, பயிற்சி பெற்ற பெண்களின் விரல்களாலேயே மூத்த வயதினருக்கு இவ்வளவு பயன் விளைந்தது என்பது சிறு செய்தியன்று. அதே வேளையில், இளம் வயதிலேயே பலர் நோயுறும் நம் நாட்டில், அவ்வயதினரை முன்கூட்டிச் சோதிப்பதால் உயிர்கள் காக்கப்படும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆராய்ச்சி துணை நிற்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

பெண்களே தம் மார்பகத்தை மாதந்தோறும் முறைப்படி தடவிப் பார்த்துக்கொள்வது பற்றியும் ஒரு சொல். சீனத்து ஷாங்காய் நகரில், நெசவாலைகளில் வேலை செய்த 2,66,064 பெண்களைக் கொண்டு 1989இல் தொடங்கிய ஆராய்ச்சி, 2002இல் இறுதி முடிவை அளித்தது. கற்பிக்கப்பட்ட பிரிவில் இந்நோயால் இறந்தவர் 135 பேர். கற்பிக்கப்படாத பிரிவில் 131 பேர். மரணத்தில் வேறுபாடு இல்லை. தீங்கற்ற கட்டிகளுக்காகச் செய்த அறுவைகள் மட்டும் கற்றவர்களிடையே கூடின. ஆயினும், மாதந்தோறும் பாடம்போல் செய்யும் சோதனை வேறு. குளிக்கும்போதும் உடுத்தும்போதும் தன் உடலின் இயல்பை அறிந்திருந்து, மாறுதல் கண்டால் அலட்சியம் செய்யாதிருப்பது வேறு. பின்னதை எந்த ஆராய்ச்சியும் வேண்டாம் என்று கூறவில்லை.

நம் மத்திய அரசு 2016இல் வகுத்த நெறிமுறையின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகக் கைப்பரிசோதனை செய்யப்பட வேண்டும். வாய்ப் புற்றுநோய்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அதே திட்டத்தில் சோதனை உண்டு. ஆனால் ஏட்டில் உள்ளது நாட்டில் பரவக் காலம் பிடிக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களுள் இந்நோய்க்காக ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று தெரியவந்தது. திட்டத்தை விரிவாக்குவதற்கு முன், கட்டியோடு வருபவருக்கே விரைந்து முடிவு சொல்லும் வசதி வேண்டாமா என்று கேட்கும் அறிஞர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. சலித்தெடுத்தபின் சிகிச்சைக்கு வழியில்லையெனில், சலித்ததால் என்ன பயன்? 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் தொடங்கிய முயற்சியில், நோயாளி முதன்முதலாக மருத்துவரைக் கண்டதிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதி செய்யப்படவேண்டும் என்ற குறிக்கோள் வைக்கப்பட்டிருப்பது இக்காரணத்தினாலேயே.

இந்த 60 நாள் கணக்கு, வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய ஒன்று. அதிலும், மருத்துவரைக் காண்பதற்கு முன்னரே நாம் இழக்கும் நாட்கள் அதனினும் அதிகம். மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டால், ‘வலி இல்லையே’ என்று ஆறுதல் கொள்வோர் பலர். புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவர்கள் அறியார். ‘கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒத்திப்போடுவோர் உண்டு. ஆண் டாக்டர்முன் நிற்பதற்கு நாணம். அயல்மொழியில் இதனை எப்படிச் சொல்வது என்ற கூச்சம். வேலை போய்விடுமோ, செலவு எவ்வளவு ஆகுமோ என்ற அச்சம். விடுமுறை வரும்வரை கட்டி காத்திருப்பதில்லை. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையம் நம் பெருமைக்குரியதே. ஆயினும் சிகிச்சைக்கு அங்கேயே போகவேண்டும் என்பதில்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையும், பெங்களூரில் கித்வாய் நிலையமும், கொல்கத்தாவில் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையமும், டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்கள், அத்திட்டத்தில் சேர்ந்துள்ள பிற மாநிலங்களின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளிலும் அதனைப் பயன்படுத்தலாம். மொழியைப் பற்றிய கவலையும் வேண்டாம். இந்தி வழங்கும் ஊர்களில் கட்டிக்குக் ‘காண்ட்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கையால் இடத்தைக் காட்டினாலே போதும். மற்றவற்றை டாக்டர் கேட்டுக்கொள்வார்.

கவனிக்கவேண்டிய குறிகளையும் சொல்லிவிடுவோம். மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிவது, தோல் குழிவது, அல்லது ஆரஞ்சுத் தோலைப்போல் தடித்துப் புள்ளியிடுவது, ஆறாத புண், ஒரு பக்கம் மட்டும் உருவத்தில் ஏற்படும் மாறுதல். இவற்றுள் எது தென்பட்டாலும் வயதைக் கருதாமல் உடனே காட்டவேண்டும். பத்துக் கட்டிகள் தோன்றினால் அவற்றுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் அதைத் தீர்மானிக்கவேண்டியவர் டாக்டரேயன்றி நாமல்ல.

குறி ஏதும் இல்லாதவர்கள் செய்யவேண்டியது என்ன? 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் அரசு சுகாதார நிலையத்தில் கைப்பரிசோதனைக்கு வாய்ப்பு கிடைத்தால் ஏற்றுக்கொள்ளலாம். 50ஐக் கடந்தவர்கள் அதனைத் தவறவிடாதிருப்பது நன்று. நகரங்களில் தனியார் மருத்துவமனைகள் முழுவுடல் பரிசோதனையோடு மம்மோகிராமையும் சேர்த்துச் சலுகை விலையில் தருவதாக விளம்பரம் செய்கின்றன. இளம் வயதில் எக்குறியும் இல்லாதவர் அதை எடுத்துக்கொள்ளுமுன், ‘என் வயதில் இதனால் எனக்கு என்ன பயன்? சந்தேகம் என்று வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுத் தெளிவது அவருடைய உரிமை. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இளம் வயதிலேயே இந்நோய் வந்திருந்தால், மேலே கூறிய பொதுக்கணக்கு பொருந்தாது; அத்தகையோர் நிபுணரைத் தனியே கலந்துகொள்ளவேண்டும்.

முன்கூட்டிய பரிசோதனையைப் பற்றிய வாதம் இன்னும் பல ஆண்டுகள் தொடரக்கூடும். புதிய ஆராய்ச்சிகள் வரும். வயது வரம்புகள் மாறும். கட்டியைக் கண்ட பெண் காலம் தாழ்த்தாமல் டாக்டரை நாடவேண்டும் என்பதில் மட்டும் இருதரப்பாரும் ஒன்றுபட்டே நிற்கின்றனர். அதற்குத் துணை செய்யவேண்டியவர்கள் வீட்டிலுள்ள ஆண்கள். மனைவியோ தாயோ தயங்கித் தயங்கி ஒரு சொல் சொன்னால், அடுத்த விடுமுறையை எண்ணாமல், மறுநாளே ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்து உடன் செல்வது அவர்கள் கடமையாகும்.